கழலாத நட்டு காப்பாற்றாது

ஓடும் பேருந்தின் பின்சக்கரம் கழன்று தனியே உருண்டோடியது என்ற செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. செய்தி வந்த மறுநாள் காலை டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள்: "நட்டைச் சரியா இறுக்கலை." கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். மெக்கானிக், டிரைவர், வண்டி உரிமையாளர் எல்லாருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கையிலிருந்துதான் அந்தத் தீர்ப்பு வருகிறது. சக்கர நட்டு எந்த அளவுக்கு அசையாமல் இருக்கிறதோ அந்த அளவுக்குப் பத்திரம். ஆகவே ஏறி மிதித்து இறுக்கு. துரு ஏறியிருந்தால் இன்னும் நல்லது, துருவே பூட்டு. கழற்ற வரவில்லையா, கவலையை விடு. கையால் கழலாதது ஓட்டத்தில் மட்டும் கழன்றுவிடுமா?

கழன்றுவிடும். அல்லது நட்டு அப்படியே இருக்க, அது மாட்டியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் முறிந்துவிடும். கழற்ற முடியாத நட்டு வேறு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்த கேடுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

இதைத் திருவண்ணாமலையை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பௌர்ணமி தவறாமல் கிரிவலத்துக்காகச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் கார்களும் வேன்களும் வந்து குவிகிற ஊர் இது. ஊர் என்னவோ கடலுக்கு எட்டாத வறண்ட பூமி. நட்டில் துரு ஏற்றுகிற உப்புக்காற்று இங்கே இல்லை. ஆனால் வருகிற வண்டிகளில் பல கடற்கரையிலிருந்து வருகின்றன. பிளாஸ்டிக் வீல் கப்புக்குள் தண்ணீர் தேங்கி, வெளியே பளபளப்பாகவும் உள்ளே செங்கல் நிறத்திலும் இருக்கும் சக்கரங்கள் அவை. செங்கம் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ பஞ்சர் ஆனால்தான் கப்பைக் கழற்றுவார்கள், உள்ளே இருப்பது தெரியவரும். அந்தப் பஞ்சர் கடையில் கிடைக்கும் வைத்தியம் என்ன? டீசல் ஊற்று, சுத்தியலால் தட்டு, பைப் போட்டு நெம்பு. திரும்ப மாட்டும்போது அதே பைப்பைப் போட்டு அதே வேகத்தில் இறுக்கு. காசு கொடுத்துவிட்டுப் போகிறவரும், "நல்லா டைட் பண்ணிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பிழையும் தெரிந்துவிடும். மாட்டு வண்டியிலும் கோயில் தேரிலும் அச்சின் முனையில் ஒரு கடையாணி இருக்கும். சக்கரம் அச்சின் மேல் தானாகச் சுழல்கிறது. வெளியே நழுவிவிடாமல் கடையாணி தடுத்து நிற்கிறது. அதன் வேலை அவ்வளவுதான், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் போதும். நூற்றாண்டுக் கணக்கில் சக்கரத்தை அப்படியே பார்த்துப் பழகிய நாம், கார் சக்கர நட்டையும் ஒரு கடையாணியாகவே நினைத்துக்கொண்டோம். அசையாமல் இருக்கிறதா, சரி, வண்டி போகலாம்.

காரில் நடப்பது வேறு. அச்சின் முனையிலுள்ள ஹப்பின் தட்டையான முகத்தோடு சக்கரத்தின் தட்டையான முகத்தை அழுத்திப் பிடிப்பதுதான் நட்டின் வேலை. வண்டியின் எடை, பிரேக்கின் உதை, வளைவில் வரும் தள்ளு எல்லாவற்றையும் தாங்குவது இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள உராய்வு. அந்த அழுத்தம் எப்படிக் கிடைக்கிறது? நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பிடி. எவ்வளவு நீள்கிறது என்றால், சாதாரணக் காரின் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது. சக்கரம் நம்மோடு இருப்பதும் இல்லாததும் இந்த நீட்சியைப் பொறுத்தது. நட்டு அசைகிறதா இல்லையா என்று கையால் பார்ப்பதில் இது தெரியவே தெரியாது.

ஸ்பேனரில் நாம் போடுகிற முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இப்படி ஸ்டட்டை நீட்டப் போகிறது. மீதி ஒன்பது பங்கும் மரையிலும் நட்டு உட்காரும் இடத்திலும் உராய்வாகக் கரைந்துவிடும். பொறியியல் படித்த எவரும் அறிந்த கணக்கு இது. மரையில் துரு ஏறினால் உராய்வு கூடும். முறுக்கு அதேதான், நீட்சிக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும். மாருதியின் பல மாடல்களுக்குக் கையேடு சொல்லும் இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். சுத்தமான, உலர்ந்த மரையில் அந்த இறுக்கம் ஒரு நட்டுக்குச் சுமார் மூன்றரை டன் பிடி தரும். துருவால் உராய்வு ஒன்றரை மடங்கானால் அதே இறுக்கம் இரண்டேகால், இரண்டரை டன்னோடு நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு பிடி காணாமல் போயிருக்கிறது. ஆனால் கைக்கு நட்டு முன்பைவிட விறைப்பாகத்தான் தெரியும். "துருவே பூட்டு" என்பதன் பித்தலாட்டம் இங்கேதான். துரு பூட்டுவது நட்டை. சக்கரத்தை அல்ல.

பிடி குறைந்த சக்கரம் ஓட்டத்தில் என்ன செய்யும்? ஹப்பின் மேல் மயிரிழை அளவு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் நகரும். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர்; சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறுக்கு மேல் சுற்றும். ஒருவழிப் பயணத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முறை ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. பிடி சரியாக இருந்தால் இந்த வளைவு ஸ்டட்டை எட்டவே எட்டாது, இரண்டு முகங்களும் பகிர்ந்துகொள்ளும். பிடி குறைந்தால் முழுதும் ஸ்டட்டின் தலையில். மரையின் அடியில் விரிசல் விட்டு, ஒரு நாள் முறியும். முறிந்து விழுந்த துண்டின் மேல் நட்டு அப்போதும் கழலாமல் உட்கார்ந்திருக்கும்!

கண்ணுக்குத் தெரிகிற அடையாளமும் உண்டு. நட்டின் அடியிலிருந்து சக்கரத்தின் மேல் செந்நிறக் கோடுகள் வெளிப்பக்கமாக ஓடியிருந்தால், அங்கே உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்து, "பழைய வண்டி, துரு இருக்கத்தானே செய்யும்" என்று நகர்ந்துவிடுகிறோம்.

அடுத்தது ஏறி மிதிப்பது. காருடன் வரும் வீல் ஸ்பேனரின் நீளம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். எழுபது கிலோ ஆள் அதன் முனையில் ஏறி நின்றால் முறுக்கு 170 நியூட்டன் மீட்டர். கையேடு கேட்பதில் இரு மடங்கு. இன்னோவாவுக்குச் சொல்லப்பட்டிருப்பது 103. அதையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. லாரியில் கதை வேறு. பெரிய லாரியின் 22 மில்லிமீட்டர் ஸ்டட் அறுநூறு நியூட்டன் மீட்டர் வரைக்கும் கேட்கும். ஒரு மீட்டர் பைப்பில் அதே எழுபது கிலோ ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும். ஆக, லாரிப்பட்டறையில் பிறந்த கைப்பழக்கம் லாரிக்குப் பெரிய தவறில்லை. அந்தக் கை, அந்தப் பைப், அந்தத் தொங்கல் அப்படியே ஆல்ட்டோவுக்கு வந்ததுதான் தவறு. சைக்கிள் பம்பு போய்க் கம்ப்ரசர் வந்ததுபோல் இப்போது பைப் போய் ஏர்கன் வந்துவிட்டது. டயர்க் கடையில் 'டர்ர்' என்று நான்கு நொடியில் முடிகிறது. எவ்வளவு இறுகியது என்று கன்னைப் பிடித்தவருக்கும் தெரியாது.

அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன, இன்னும் பலம்தானே என்று கேட்பார்கள். எஃகு ஓர் எல்லை வரைக்கும்தான் நீண்டு திரும்பும். எல்லையைத் தாண்டினால் தாண்டிய அளவு நீண்டபடியே நின்றுவிடும், பழைய நீளத்துக்குத் திரும்பாது. மரை நீண்டு போன ஸ்டட்டின் பிடியை நம்ப முடியாது, வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பஞ்சரில் இன்னொருவர் இன்னும் கொஞ்சம் மிதிப்பார். நான்காவது பஞ்சரிலோ ஐந்தாவதிலோ 'டக்' என்று முறியும்போது, "பழைய ஸ்டட்டுங்க, உள்ளேயே போயிருக்கு" என்று பழி ஸ்டட்டின் மேல் விழும்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. அவர்கள் அன்பானவர்கள். துரு வரக்கூடாது என்று மரையில் தாராளமாகக் கிரீஸ் பூசுவார்கள், நட்டு வெண்ணெய் மாதிரி ஏறும். உராய்வு குறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை. அதே 85 நியூட்டன் மீட்டரில் இப்போது பிடி ஐந்தரை, ஆறு டன்னை நெருங்கும். சாதாரணத் தரத்து 12 மில்லிமீட்டர் ஸ்டட்டின் தாங்கும் எல்லையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிரீஸும் பூசி மேலே ஏறியும் மிதித்தால் சொல்ல வேண்டியதில்லை. சில லாரி நட்டுகளுக்கு, வாஷரும் நட்டும் சேர்ந்தே வரும் வகைக்கு, மரையிலும் வாஷருக்கு நடுவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி உற்பத்தியாளரே எழுதியிருப்பார். அங்கே இறுக்க அளவும் அந்த எண்ணெயைக் கணக்கில் வைத்தே சொல்லப்பட்டிருக்கும். எழுதாத இடத்தில் விடக்கூடாது. குறிப்பாக நட்டு உட்காரும் இடத்திலும் சக்கர முகத்திலும்.

துருவையும் பிடியையும் பற்றி நான் சொல்வதைச் சந்தேகிக்கிறவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே பனிக்காலத்துக்கு முன்னால் டயர்களைப் பனி டயர்களாக மாற்றுவார்கள். லாரிச் சக்கரம் கழன்று ஓடும் விபத்துகள் அந்த மாற்றத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் குவிகின்றன. அதிலும் இடது பின்சக்கரமே முன்னால் நிற்கிறது. சக்கரத்தில் கை வைத்த உடனேதான் ஆபத்து அதிகம், 'இறுக்கியாச்சு, இனி பயமில்லை' என்பது தலைகீழ் என்று இது சொல்கிறது. அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் லாரிக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் துருவுக்கு முக்கிய இடம் உண்டு. நட்டும் வாஷரும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுழல்கிறதா என்று பார், துருவால் சிக்கினால் மாற்று என்கிறார்கள். சிக்கிய நட்டு இறுகியதாகக் காட்டும், பிடிக்காது என்பதே காரணம்.

அதே ஜப்பானின் இன்னொரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் மிட்சுபிஷி லாரி ஒன்றின் முன்சக்கரம் கழன்று ஓடி, நடைபாதையில் பிள்ளைகளோடு போன ஓர் இளம் தாயைக் கொன்றது. வண்டியைப் பராமரித்த விதம் சரியில்லை என்றது நிறுவனம். குற்றம் ஹப்பின் வடிவமைப்பில் இருந்ததை 2004-இல்தான் ஒப்புக்கொண்டது. சக்கரம் கழன்றால் உடனே நட்டு இறுக்கியவனைப் பிடிப்பது நம் டீக்கடைக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. பெரிய நிறுவனத்துக்கும் அது வசதியாக இருந்திருக்கிறது.

சரி, துரு ஏறிய நட்டை என்னதான் செய்வது? எல்லாவற்றையும் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. அறுகோணத்தின் வெளியில் மட்டும் மேலோட்டமாகத் துரு இருந்தால் கம்பி பிரஷ் போதும். மரையைத் துடைத்துவிட்டு, நட்டை வெறும் விரலால் ஸ்டட்டின் அடி வரைக்கும் திருக வேண்டும். விரலாலேயே ஓடினால் வைத்துக்கொள்ளலாம். பாதியில் நின்று ஸ்பேனரைக் கேட்டால் நட்டோ ஸ்டட்டோ போய்விட்டது. மூலை மழுங்கி ஸ்பேனர் வழுக்குகிற நட்டு, உட்காரும் சரிவில் பள்ளமும் பிசிறும் விழுந்த நட்டு, இவற்றுக்குப் பேச்சே இல்லை. தகட்டுத் தொப்பி போட்ட பளபளப்பான நட்டுகளும் அப்படியே. தொப்பிக்கும் நட்டுக்கும் நடுவே துரு வீங்கி, அளவு கெட்டு, வண்டியோடு வந்த ஸ்பேனர் நுழையாமல் போகும். அமெரிக்காவில் ஃபோர்டு உரிமையாளர்கள் இதற்காக நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். ஸ்டட் ஒன்று முறிந்திருந்தால் அதன் இருபக்கத்து ஸ்டட்டுகளும் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்தவை. அவற்றையும் மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தில் இரண்டு முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாவற்றையும்.

மாற்றும்போதும் கடைக்காரர் டப்பாவில் கிடக்கிற ஏதோ ஒன்றை எடுத்து மாட்டக்கூடாது. மரை பொருந்தினால் நட்டு பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. சில நட்டுகளின் அடி கூம்பு, ஹோண்டாவினுடையது உருண்டை, வாஷரோடு தட்டையாக உட்காருவதும் உண்டு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் மாட்டினால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். வெளியில் அலாய் வீல் வாங்கி மாட்டிக்கொள்கிற இளைஞர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்?

இவ்வளவு வம்பு எதற்கு, சில்வர் பெயிண்ட் அடித்தால் ஆயிற்று என்கிற கட்சிதான் எல்லாவற்றிலும் பெரியது. எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் முன்பும் ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் லாரிகளின் நட்டு, ஹப், சக்கர முகம் எல்லாம் ஒரே பூச்சில் புதிதாகிவிடும். மேலே சந்தனமும் குங்குமமும். வெளியே அடித்த பெயிண்டால் கேடில்லை. சக்கரத்தைக் கழற்றி, ஹப்போடு பொருந்தும் முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் அடிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் வினை. ஸ்டட்டின் நீட்சி ஒரு தலைமுடிக்கும் குறைவு என்றேன். இரண்டு மூன்று பூச்சுப் பெயிண்டின் கனம் அதற்கு மேல். ஓட்டத்தில் சூடேறி அந்தப் பெயிண்ட் நசுங்கித் தேய்ந்தால், நீட்சி முழுவதையும் அது விழுங்கிவிடும். நட்டு ஒரு சுற்றும் கழலவில்லை, பிடி மட்டும் காலி. துருச் செதிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. எனவே சக்கரம் கழன்று வந்த வேளையில் இரண்டு முகங்களையும் பளிச்சென்று உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு மாட்டுவது, புது நட்டு வாங்குவதைவிட முக்கியம். காசும் ஆகாது.

"முப்பது வருஷமா இப்படித்தான் இறுக்குறேன், ஒரு சக்கரமும் கழன்றதில்லை" என்பார்கள். அந்த அனுபவத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒலியை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிற காதுகள் அவர்களுடையவை. ஆனால் கழன்ற சக்கரம் பஞ்சர் கடைக்குத் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை. வந்தவர் வெளியூர்க்காரர், சக்கரம் போனது எழுபதாவது கிலோமீட்டரில். தவிர, வடிவமைத்தவர்கள் நான்கு நட்டு, ஐந்து நட்டு என்று தாராளமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றிரண்டு சோம்பினாலும் மற்றவை தாங்கும். முப்பது வருஷமாகக் காப்பாற்றியது அந்தத் தாராளம்தான்.

கழலாத நட்டால் வரும் இன்னொரு கேட்டை யாரும் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், தனியே வண்டி ஓட்டி வரும் ஒரு பெண்ணின் டயர் போகிறது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நட்டு மட்டும் அசையாது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுக்கிற ஊர் திருவண்ணாமலை. அந்தக் கைகளுக்கு ஒரு கார் நட்டைக் கழற்றும் பலம் இல்லாமலா போகும்? 85-இல் இறுக்கிய நட்டை ஓரளவு பலமுள்ள யாரும் வண்டியோடு வந்த ஸ்பேனராலேயே கழற்றிவிடலாம்.  170-இல் இறுக்கித் துரு ஏற்றிவைத்தவர், அந்தப் பெண்ணை நடுரோட்டில் முன்பின் தெரியாதவர்களின் தயவுக்கு விட்டிருக்கிறார். அதற்குப் பத்திரம் என்று பெயர்!

கடைசியாக, "கோயிலுக்குப் போற வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க." டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று, இனி அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார். பக்தியோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அண்ணாமலையாரின் தேரைக் காட்டினால் போதும். அந்தத் தேரையே சாமி பார்த்துக்கொள்வார் என்று யாரும் வீதியில் விடுவதில்லை. அச்சையும் சக்கரத்தையும் தச்சர்கள் பார்க்கிறார்கள், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் உறுதிச் சான்று தருகிறார்கள், பழுது பார்த்த தேர் என்றால் வெள்ளோட்டம் விடுகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகுதான் திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்கள் இன்றைக்கு நாம் பார்க்கிற ஒழுங்கோடு ஓடுகின்றன. சாமி ஏறும் தேருக்கு அளவு உண்டு, சான்று உண்டு. சாமி பார்க்க வரும் காருக்கு மட்டும் எலுமிச்சம்பழம்.

சக்கரம் மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை ஒரு முறை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது பல உற்பத்தியாளர்கள் சொல்வது. முகங்கள் நசுங்கிப் படிந்திருக்கும், பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். கிரிவலம் வருகிறவர்களுக்கு இது வாகாக அமைந்திருக்கிறது. அவர்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வரும் நான்கைந்து மணி நேரமும் வண்டி சும்மா நிற்கிறது, சக்கரமும் ஆறிவிடுகிறது. தீபத்துக்கு ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் போட்டு, குடிநீரும் கழிப்பறையும் மருத்துவ முகாமும் வைக்கும் மாவட்ட நிர்வாகம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சக்கரச் சோதனை மேசையும் வைக்கலாம். தேவைப்படுவது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டார்க் ரென்ச் (இறுக்க அளவை வைத்துத் திருகும் ஸ்பேனர்), வண்டிகளுக்கேற்ற சாக்கெட்டுகள், வண்டி என்ன மாடல் என்று கேட்டு அளவுப் பட்டியலைப் பார்த்து ரென்ச்சைத் திருப்பி வைக்கிற ஓர் ஆள். ஊரில் ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் சாலைகளில் ஓடும் கார்களுக்கான பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அதை லேமினேட் செய்து பஞ்சர் கடைகளிலும் ஒன்று ஒன்று மாட்டிவைத்தால், "நல்லா டைட் பண்ணிட்டீங்களாண்ணே?" என்பதற்குப் பதிலாக, "எத்தனைல வச்சீங்க?" என்று வண்டிக்காரர் கேட்கலாம்.